பங்குனி வெயிலும் சித்திரை விருந்தும்

யாழ்ப்பாணம் பார்க்க வருவோர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைத் தரிசிப்பர். கீரிமலைக் கேணியில் நீராடுவர். புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்து வியப்பர். பருத்தித்துறை வடையில் ஒரு பொதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். குடாநாட்டு வீடுகளின் கோடிப்புறத்தை அவர்களுக்கு எவரும் காட்டுவதில்லை. பங்குனி மாதத்தில் அந்தக் கோடிப்புறத்தில் பனையோலைப் பாய்களும் சுளகுகளும் வரிசையாகப் பரப்பப்பட்டிருக்கும். ஒன்றில் வடகம், ஒன்றில் மோர்மிளகாய், வேறொன்றில் மல்லியும் செத்தல் மிளகாயும் காயும். காகம் கலைப்பதற்கென்று ஒரு சிறுவன் பூவரச மர நிழலிலே கம்புடன் இருத்தப்பட்டிருப்பான். அவன் பெரும்பாலும் உறங்கிவிடுவான் என்பது வேறு கதை.

சித்திரை வருடப் பிறப்பன்று முப்பது நாற்பது பேருக்கு இலை போடும் பெருவிருந்தைப் பற்றியே இங்கு எழுத எண்ணினேன். ஆனால் அவ்விருந்தின் பாதி அன்றைய அடுப்பில் வேவதன்று. அதற்கு முந்திய ஒரு மாதத்து வெயிலில் வேவது. ஆதலால் கோடிப்புறத்திலிருந்து தொடங்குவதே முறை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அது மாரியில் மட்டும் ஓடி, கோடையில் பெயரளவில் நிற்பது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே இறங்கி நிலத்தடியில் தங்க, அதைக் கிணறுகளின் வழியாக மொண்டு உண்டு வாழும் நாடு இது. தை, மாசியில் நெல் அறுவடையாகும். அதன்பின் வானம் வெளுத்து, பங்குனியில் வெயில் ஏறும். மழையை நம்பி விளைத்ததை வெயிலை நம்பிச் சேமித்து வைக்கும் வழக்கம் இவ்வாறு வந்தது.

இப்பருவத்தில்தான் வேம்பு பூக்கும். வேம்பில்லாத வளவு யாழ்ப்பாணத்தில் அரிது. மரத்தின் கீழே பாயையோ பழைய சேலையையோ விரித்து வைத்தால் இரவு வீசும் காற்றில் பூ உதிர்ந்து கிடக்கும். விடிந்ததும் அதைச் சேர்த்து, காம்பும் சருகும் போகப் புடைத்து எடுப்பர். ஊறவைத்து அரைத்த உழுந்து, இடித்த செத்தல் மிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு ஆகியவற்றுடன் அப்பூவைச் சேர்த்துப் பிசைந்து, சிறு சிறு வட்டுகளாகத் தட்டி வெயிலில் இடுவர். நாலைந்து நாளில், கையில் அள்ளிக் குலுக்கினாற் கலகலவென்று ஒலிக்கும் பதம் வரும். இதுவே வேப்பம்பூ வடகம். எண்ணெயிற் பொரித்தெடுத்தால் கைப்பு முற்றாக நீங்காது, நீங்கவும் கூடாது. புத்தாண்டு இலையில் இனிப்பிற்குப் பக்கத்திற் கைப்பும் இருத்தல் வேண்டும் என்ற மரபுக்கு இவ்வடகமே யாழ்ப்பாணத்தின் விடை.

மோர்மிளகாய்க்கு இன்னும் பொறுமை வேண்டும். பச்சை மிளகாயை நெடுக்கே கீறி, உப்பிட்ட தயிரிலோ மோரிலோ இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் எடுத்துக் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் இடவேண்டும். மோர் வற்றும் வரை இது தொடரும். உப்பு மிளகாயின் நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு உள்ளே ஏறுகிறது. வெயில் எஞ்சிய ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறை அருகிருந்து பார்த்தால், பாடநூலில் வரும் பிரசாரணம் என்ற சொல் எளிதில் மனத்தில் நிற்கும்.

இனித் தூள். யாழ்ப்பாணத்துக் கறியின் நிறமும் மணமும் வறுத்துத் திரித்த தூளினாலேயே வருவன. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் என்பவற்றை முதலில் வெயிலில் உலர்த்தி, பின்னர் தாச்சியிலே தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் சீரகம் கருகும் வேளையில் மல்லி பச்சையாகவே நிற்கும். வறுத்ததை முன்னாளில் உரலில் இட்டு இடித்தனர்; இப்போது ஊரிலுள்ள ஆலையிற் கொடுத்துத் திரித்து வருகின்றனர். வருடப் பிறப்புக்கு இரண்டு கிழமை முன்பு ஆலையைக் கடந்து செல்பவர் தும்மாமற் போக முடியாது. ஒரு வீட்டுத் தூள் மற்றொரு வீட்டுத் தூளைப் போல இராது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே தோன்றும் வேறுபாடுகளிற் பல, மல்லி எத்தனை பங்கு என்ற கேள்வியிலேதான் தொடங்குகின்றன என்று கேள்வி.

நிற்க. விருந்துக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. சூரியன் மேட ராசியிற் புகும் நாளைப் பஞ்சாங்கம் குறித்துவிடுகிறது. பெரும்பாலும் ஏப்ரல் 13 அல்லது 14 ஆக அமையும். ஆனால் யாழ்ப்பாணத்திலே பஞ்சாங்கங்கள் இரண்டு: வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. ஆண்டு பிறக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றாயிருப்பதில்லை. தாய்வீடு வாக்கியத்தையும் புகுந்த வீடு திருக்கணிதத்தையும் பின்பற்றினால், எப்போது மருத்துநீர் வைப்பது, எப்போது முழுகுவது, எப்போது கைவிசேஷம் வாங்குவது என்று இரு வீட்டாரும் தொலைபேசியிற் பேசி முடிவதற்குள் அரைநாள் கழிந்துவிடும். சமையலுக்குப் பொறுப்பான அம்மம்மா இவ்வாதத்திற் கலந்துகொள்வதில்லை. அவருக்கு வேண்டியது ஒரே விடை: எத்தனை இலை?

அந்தக் கணக்கை எழுதிப் பார்ப்போம். இந்நாட்டில் முன்பு அரிசியைச் சுண்டாலும் கொத்தாலும் அளந்தனர். நான்கு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய 900 கிராம் நிறுக்கும். பல கறிகளுடன் உண்ணும் விருந்தில் ஒரு சுண்டு அரிசி இருவருக்குப் போதும். எனவே நாற்பது இலைக்கு இருபது சுண்டு, அதாவது ஐந்து கொத்து. மூவருக்கு ஒரு தேங்காய் என்று கொண்டால் பதின்மூன்று. ஒன்று அழுகலாயிருக்கும் என்று நினைத்துப் பதினான்காக வாங்குவது நல்லது. கறிகளுக்கு இவ்வளவு திட்டமான கணக்குக் கிடையாது. கறி ஒன்று கூடும்போது ஒவ்வொரு கறியின் அளவும் சிறிது குறையும் என்பதை அனுபவம் உள்ளவர் அறிவர். புதிதாகச் சமைப்போர் பத்துக் கறிக்கும் பத்து முழு அளவு வாங்கிவிட்டு, மறுநாள் அயலெங்கும் சட்டி சட்டியாகக் கொடுத்தனுப்புவதைப் பார்க்கலாம்.

சந்தைக்குப் போவது விருந்துக்கு இரண்டு நாள் முன்பு. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயம், பயற்றங்காய், கீரை, வாழைக்காய் முதலியவற்றைச் சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ திருநெல்வேலியிலோ வாங்கலாம். மாங்காய்க்கும் பலாவுக்கும் தேங்காய்க்கும் தென்மராட்சியே இடம். சாவகச்சேரிச் சந்தையும் கொடிகாமச் சந்தையும் அன்று தேரடிபோல நெருங்கி நிற்கும். கத்தரிக்காய் வாங்குவோர், இது மட்டுவிலா என்று கேட்டே கையில் எடுப்பர். மட்டுவிற் கத்தரிக்காய் அத்துணைப் பெயர் பெற்றது. அவ்வூரிலுள்ள பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பங்குனித் திங்கட்கிழமைகளில் திரள்திரளாகச் செல்லும் அடியார் அங்கேயே பொங்கிப் படைத்து உண்டு வருவர். பெருங்கூட்டத்துக்கு வெளியிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் பயிற்சி எம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அத்திங்கட்கிழமைகளிலே கிடைத்துவிடுகிறது என்றாலும் பிழையில்லை.

சைவக் குடும்பங்களில் அன்று மரக்கறி மட்டுமே. வெள்ளைச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பூசணிக்காய்ப் பாற்கறி, பயற்றங்காய் வறை, வாழைக்காய்ப் பொரியல், கீரை, மாங்காய்ப் பச்சடி, வல்லாரைச் சம்பல், வடை, அப்பளம், மேலே சொன்ன வடகமும் மோர்மிளகாயும், ரசம், சொதி, தயிர், பாயாசம், வாழைப்பழம் என்பது நடுத்தரமான ஒரு பட்டியல். இதில் எதை முதலிற் சமைப்பது, எதைக் கடைசியிற் சமைப்பது என்பதிலேயே முழு வித்தையும் அடங்கியுள்ளது.

முதல் நாள் இரவு விறாந்தையிற் பாய் விரித்து எல்லோரும் அமர்வர். பெரியம்மா வெங்காயம் உரிக்க, மச்சாள் பயற்றங்காய் முறிக்க, ஆச்சி கீரை ஆய்வார். திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவுவது ஆண்களின் பங்கு. சித்தப்பா திருவும் தேங்காயில் சிரட்டைத் தூள் கலந்திருக்கும் என்ற பழி எல்லா வீட்டிலும் உண்டு. இரவிலேயே வாழைக்காயையும் கத்தரிக்காயையும் வெட்டிவிடல் ஆகாது. காற்றுப் பட்டுக் கறுத்துப் போகும். விடியலில் வெட்டி உப்புநீரில் இடவேண்டும். தேங்காய்ப்பாலையும் இரவிற் பிழிந்து வைத்தல் கூடாது. சித்திரை வெப்பத்தில் அது விடியுமுன்னே புளித்துவிடும்.

காலையில் கோயிலிலிருந்து வந்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, முற்றத்திற் கோலமிட்டுப் பொங்கி, சூரியனுக்குப் படைத்தபின் விருந்துச் சமையல் தொடங்கும். புளிக் குழம்பு முதலில். அது நேரம் செல்லச் செல்லச் சுவை ஏறும். பருப்பு அடுத்தது. சோற்றை ஒரே கிடாரத்தில் ஐந்து கொத்தும் இட்டு வேகவைப்பது வீண் துணிவு; அடி குழையும், மேல் விறைக்கும். இரண்டாகப் பிரித்து வடிப்பதே பாதுகாப்பு. பாற்கறிகளும் சொதியும் நண்பகலுக்கு அண்மையில். இரண்டாம் பாலில் காய் வெந்தபின் தலைப்பாலை விட்டு ஒரு கொதியோடு இறக்கவேண்டும். மேலும் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் கக்கும். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி அடுப்பால் இறக்கிய பின்னரே. பொரியல், வடகம், அப்பளம் ஆகியவை இலை போடும் ஓசை கேட்டபின் எண்ணெயில் விழவேண்டும்.

இங்கே ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. முதற்பந்தியில் ஆண்களும் பிள்ளைகளும், அடுத்த பந்தியில் வயது முதிர்ந்த பெண்களும் விருந்தினரும் உண்டெழ, விடியல் தொட்டுப் புகையில் நின்றவர்கள் மூன்று மணிக்கு ஆறிய சோற்றின் முன் அமர்வது எம்மிடையே நெடுங்கால வழக்கம். அப்பளம் அதற்குள் தீர்ந்திருக்கும். சில வீடுகளில் இப்போது ஆண்கள் எழுந்து கடைசிப் பந்திக்குப் பரிமாறுகின்றனர்; அதற்கென்று தனியே அப்பளமும் பொரிக்கின்றனர். இது நல்ல வழக்கம். மற்ற வீடுகளும் கைக்கொண்டால் விருந்தின் சிறப்புச் சிறிதும் குறையாது.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எந்நாளும் இயன்றதன்று. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரமும் புகையிரதமும் நின்றன. மண்ணெண்ணெய், சவர்க்காரம், தீப்பெட்டி என்று பல பொருள்கள் தடைப்பட்டோ தட்டுப்பட்டோ போயின. அந்நாளில் அடுப்பை எரித்தது பனைமரம். காய்ந்த மட்டை, பன்னாடை, கொக்கறை, ஊமல் எல்லாம் விறகாயின. கடையில் வாங்க எதுவும் இல்லாதபோது, வெயிலில் உலர்த்தி முட்டியிற் கட்டிவைத்த வடகமும் மோர்மிளகாயும் ஒடியலுமே பல வீடுகளில் கறியும் உணவும் ஆயின. வெயிலுக்கு எவரும் தடை விதிக்க முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே வெளியேறி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். அடுத்த சித்திரை அவர்களிற் பலருக்குப் பிறர் வளவுகளிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் பிறந்தது. நாற்பது இலை போட்ட வீட்டார் ஒரு மரத்தடியில் மூன்று கல் வைத்து ஒரு பானை ஏற்றிய ஆண்டு அது. தென்மராட்சி வீடுகள் பலவற்றில் ஒரு கிணற்றையும் ஒரு குசினியையும் பல குடும்பங்கள் முறை வைத்துப் பயன்படுத்தின. இதைவிட நீண்ட காலம் காத்திருந்தவர்களும் உளர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்கள் பல, இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தம் வளவில் அடியெடுத்து வைக்கவில்லை. காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர் பலர் கண்டது வீடு இருந்த இடத்திற் பற்றைக் காடு. கோடிப்புறம் எது, முற்றம் எது என்று கிணற்றை வைத்தே அடையாளம் கண்டவர்கள் உண்டு.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி மக்கள் பயணத்துக்குத் திறந்தபோது சித்திரைப் பிறப்பு அண்மையில் இருந்தது. நெடுங்காலம் காணாத உறவினர் கொழும்பிலிருந்து தரைவழியே வர, எத்தனை இலை என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்படவே அக்கேள்வியும் அடங்கிற்று. போர் 2009 இல் முடிந்து, 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இப்போது பலாலியிலும் கட்டுநாயக்காவிலும் வந்திறங்குவோரை எண்ணியே பல வீடுகளில் இலைக்கணக்குப் போடப்படுகிறது. வர இயலாதவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் வார இறுதி வரும்வரை பொறுத்து, ஊரிலிருந்து பொதியில் வந்த தூளைக் கொண்டு தம் விருந்தை ஆக்குகின்றனர். சித்திரை முதல் நாள் அங்கெல்லாம் வேலை நாள்.

2022 ஆம் ஆண்டுப் பிறப்பும் மறக்கத்தக்கதன்று. நாடெங்கும் எரிவாயுக் கொள்கலன்களுக்கு நீண்ட வரிசைகள். நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு. புதிய குசினி கட்டியபோது பழைய விறகடுப்பை இடித்துவிட்ட வீட்டார், இடியாத வீட்டாரைத் தேடிச் சென்றனர். அம்மியும் உரலும் மழையில் நனைந்து கிடந்த இடத்திலிருந்து மீண்டும் உள்ளே வந்தன.

இக்காலத்தில் விருந்தைச் சமையற்காரரிடம் ஒப்படைத்துப் பெட்டிகளில் வருவித்துக்கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. அதைப் பழிப்பதற்கில்லை. வீட்டில் இருப்பவர் இருவர். இருவரும் எழுபதைக் கடந்தவர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்பவர் என்றால் வேறென்ன செய்வது? வடகமும் மோர்மிளகாயும் தூளும் இப்போது பொதியாகக் கடையிற் கிடைக்கின்றன. அவற்றை ஆக்கி விற்று வாழும் பெண்களும் பலர். அவர்களுள் போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும் உளர். எனவே பொதி வாங்குவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. ஆயினும் எனக்கு ஒரு கவலை உண்டு. வடகத்தை விலைக்கு வாங்கலாம்; நாற்பது இலைக்கு எத்தனை சுண்டு, எந்தக் கறி முதலில், எவர் எதைச் செய்வது என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது எழுதி வைக்கப்படாதது. அம்மம்மாவின் மனத்தில் இருப்பது. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் இலையைப் படம் பிடிப்பதோடு நில்லாமல், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு குசினியில் அரைமணி நேரம் அவரருகே அமர்ந்தால் அக்கணக்குப் பிழைக்கும். அவர் கோபிக்க மாட்டார். உப்பு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் கையைக் காட்டுவார். அதை அளந்து எழுதிக்கொள்வது கேட்பவர் பாடு.

விருந்தன்று மாலையில் போர்த்தேங்காய் அடிப்பதைப் பார்க்க ஆண்கள் போய்விடுவர். சிறுவர் ஊஞ்சலிற் கூடுவர். குசினியில் எஞ்சிய சோற்றுக்கு நீர் ஊற்றி மூடிவைத்து, எஞ்சிய கறிகளைச் சூடாக்கி வைப்பார்கள். மறுநாட் காலையில் அச்சோற்றைப் பிழிந்து, முதல் நாட் குழம்பு, பருப்பு, வறை எல்லாவற்றையும் ஒரு சட்டியிலிட்டு, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குழைத்து, அம்மம்மா திரளை திரளையாக உருட்டுவார். சுற்றிலும் இருப்பவர்கள் வாழையிலைத் துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முறைக்குக் காத்திருப்பர். பட்டியலில் இல்லாத அந்தக் குழையலுக்கு மட்டும் முதற்பந்தி, கடைசிப் பந்தி என்ற வேறுபாடு கிடையாது.